அடுத்த கம்பம்

நூற்றிருபதில் க்ரூஸைப் பூட்டிவிட்டு
காலைச் சும்மா வைத்திருந்தேன்.
காஸலுக்கு முன், மெல்சுங்கன் தாண்டியதும் மழை.
வைப்பர் முழு வேகத்திலும் தோற்றது.
க்ரூஸை விடுவித்தேன்.
வான் ஒருகணம் தயங்கி
என் பாதத்தைத் தேடியது.
பின்னால் ரொட்டித் தட்டுகள் நகர்ந்தன.

பாலத்தின்மேல் மூடுபனி.
பெரிய வெளிச்சத்தைப் போட்டேன்,
வெள்ளைச் சுவரொன்று திரும்பிவந்து முட்டியது.
தாழ்த்தினேன்.
குறைத்த பிறகுதான் கோடு தெரிந்தது.

ஓரக் கம்பங்கள்
ஐம்பது மீட்டருக்கு ஒன்று.
அடுத்தது தெரியாதபோது மட்டுமே
பின்பக்கச் சிவப்பு விளக்கு;
வேகமும் ஐம்பதுதான்.
பக்கத்து இருக்கையில் வாகீசன்
ஒரு குறட்டைக்கு
மூன்று கம்பம் கடந்தான்.

இதோ, நாலாவது கம்பமும் தெரிகிறது.
சிவப்பை அணைக்கிறேன்.
பின்னால் வருவது யாரோ,
கண்ணைச் சுருக்கியது போதும்.