பதினெட்டு சதவீதச் சாம்பல்

சிக்பேட்டையில் தரைக்குக் கீழே எங்கள் கடை.
பதினோரு படி இறங்கினால்
பகல் முடிந்துவிடும்.

மேலே ஒரு டியூப்லைட், லேசாகப் பச்சை.
பாரஸ்மல் சேட் மலிவாக வாங்கிய எல்.இ.டி.
லேசாக ஊதா.
படி வழியே நழுவி வரும் கொஞ்சம் வானம்.
சுவருக்குப் பிஸ்தா நிறம், அது அவருக்கு ராசியாம்.
இத்தனைக்கும் நடுவே
நாகவேணி புடவையைத் தோளில் போட்டு நிற்பாள்.
முகம் படத்தில் வராது.

கண் அட்ஜஸ்ட் செய்துகொள்ளும்.
எந்த பல்புக்கு அடியில் உட்கார்ந்தாலும்
தட்டில் இருக்கிற சோறு அதற்கு வெள்ளைதான்.
கேமராவுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.
தினமும் காலையில்
அதற்கு நான் ஒன்றைக் காட்டிச் சொல்ல வேண்டும்:
இது சாம்பல்.
நீலமும் இல்லை சிவப்பும் இல்லை, வெறும் சாம்பல்.
மற்றதை நீ கணக்குப் போட்டுக்கொள்.

போடும்.
எதிர்க்கேள்வி கேட்காது.

ஆடித் தள்ளுபடியில் ஆரம்பித்தன
திரும்பி வரும் பெட்டிகள்.
"படத்தில் பால்வெள்ளை, பிரித்தால் சந்தனம்."
"கத்தரிப்பூ கேட்டேன், அரக்கு அனுப்பியிருக்கிறீர்கள்."
"மயில்கழுத்து என்று நம்பி வாங்கினேன்,
கிளி வந்திருக்கிறது."
சேட் ஒவ்வொரு சீட்டையும்
என் மேஜைக்கு எதிரே ஒட்டினார். திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

லென்ஸைச் சந்தேகப்பட்டேன். திரையை.
வாங்குகிறவர்களின் போன்களை.
கெல்வின் எண்ணை ஏற்றினேன், இறக்கினேன்,
காய்ச்சல்காரனுக்குப் போர்வை மாற்றுவதுபோல.
பிஸ்தா சுவரைக் கறுப்புத் துணியால் மூடினேன்.
சேட் இரண்டு நாள் பேசவில்லை.

கடைசியில் ஒருநாள் டீக்கு ஏறியபோது
அட்டை என் கையிலேயே இருந்தது.
அவென்யூ ரோட்டு வெயிலில் அதைப் பார்த்தேன்.

கடை திறந்ததும் வாசற்படிக்கு மஞ்சள் பூசுவாள் நாகவேணி.
பூசிய கையோடு அட்டையை எடுத்து,
தூசு இருக்கும் என்று
உள்ளங்கையால் நன்றாகத் துடைத்துத் தருவாள்.
எட்டு மாதம்.
திட்டுத் திட்டாக இல்லை. ஒரே சீராக,
குளித்து வந்த முகம்போல.

மஞ்சளைச் சாம்பல் என்றிருக்கிறேன் நான்.
கேமரா நம்பியிருக்கிறது.
நம்பி, அந்த மஞ்சளைச் சரிக்கட்ட
ஒவ்வொரு புடவையிலும் ஒரு கரண்டி நீலம்.

ஜே.சி. ரோட்டில் புது அட்டை வாங்கினேன்.
முந்நூற்று நாற்பது புடவைகள், முதலிலிருந்து.
நாகவேணியிடம் சொல்லவில்லை.
அட்டையை மட்டும் பூட்டி வைத்தேன்.
அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.
இப்போதெல்லாம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

பெட்டிகள் நின்றன.
பிறகு மன்னார்குடியிலிருந்து பத்மாசனி என்பவர் எழுதினார்:
"வந்த புடவையில் குறையில்லை.
ஆனால் நான் ஆசைப்பட்டது படத்தில் இருந்த நிறத்துக்கு.
நேற்றுப் பார்த்தால் படமும் மாறியிருக்கிறது.
பழையதை எங்கே வைத்தீர்கள்?"

பழைய படத்தைத் திறந்து பெரிதாக்கினேன்.
கத்தரிப்பூவுக்கும் நாவல்பழத்துக்கும் இடையில்
எங்கோ நின்றது அது.
யாரும் நெய்யாதது. ஒரு பிழையின் சாயம்.

சேட் வியாபாரி. அதை அச்செடுத்து
தர்மாவரத்துச் சாயக்காரருக்கு அனுப்பிவிட்டார்.
மூன்று வாரம் கழித்துக் கைக்குட்டை அளவில்
ஒரு பட்டுத் துண்டு வந்தது.

கடைக்குள் வைத்துப் பார்த்தேன்: அதேதான்.
பதினோரு படி ஏறி வெயிலில் பிரித்தேன்: வேறொன்று.
இறங்கினேன். அதேதான்.

எந்த வெளிச்சத்தில் எடுப்பது இதை?
எந்த அட்டையைக் காட்டி?

நாகவேணி முதல்முறையாகக் கையை முன்னால் கொண்டுவந்து
துண்டின் ஓரத்தைத் தொட்டாள்.
"அந்தம்மா இதை எங்கே கட்டிப் போவாங்க?
மண்டபத்துக்கா, வெளியிலயா?
அதைக் கேளு முதல்ல."