அரை மில்லிமீட்டர்

டாக்டர் கெசெய்,
மாடியில் நீங்கள், நிலவறையில் நான்.
நடுவே பதினேழு படி, ஒரு நீலப் பெட்டி.
சோப்ரோனில் தெருவுக்குத் தெரு பல் வைத்தியம்.
எல்லை தாண்டி வரும் வியன்னா ரயிலில்
பாதிப் பேர் கன்னத்தைப் பிடித்தபடிதான் இறங்குகிறார்கள்.
அவர்கள் முகம் எனக்குத் தெரியாது.
அடிக்கட்டை தெரியும்.

உங்கள் கையும் தெரியும்.
திங்கட்கிழமை நீங்கள் இழைத்த விளிம்பு
ஈறை ஒட்டி நூல் பிடித்தாற்போல் ஓடும்.
வெள்ளி மாலை, அதுவும் கடைசி ஆள் என்றால்
நாக்குப் பக்கம் ஒரு சிறு நடுக்கம்.

இந்த வாரத்து நாற்பத்தாறைப் பற்றி எழுதுகிறேன்.
கீழ்வாய், வலப்பக்கம், முதல் கடைவாய்ப்பல்.
சுற்றிலும் தோள் சரியாக இறக்கியிருக்கிறீர்கள்.
கூர்முனை ஒன்றுகூட இல்லை. பீங்கானுக்குக் கூர்மை ஆகாது,
உள்ளே ஒரு முள் இருந்தால்
அங்கிருந்துதான் விரிசல் புறப்படும்.
எல்லாம் சரி.
மேலே மட்டும் இடமில்லை.

மாதிரி இரண்டையும் மெழுகின்மேல் கவ்வவிட்டேன்.
கன்னப் பக்க முகட்டில் ஒரே ஒரு மில்லிமீட்டர்;
விளக்கில் பிடித்தால் மெழுகுக்கு அப்பால் என் விரல் தெரிகிறது.
நீங்கள் எழுதியிருப்பதோ லித்தியம் கண்ணாடி.
பல்லோடு பல்லாக ஒட்டி இறுகும், ஒப்புக்கொள்கிறேன்.
மெலிந்தால் மட்டும் மன்னிக்காது.
இடம் கொடுங்கள் டாக்டர்,
மடத்தைப் பிடுங்க மாட்டேன்.
அரை மில்லிமீட்டர்.

இல்லையென்றால் சிர்கோனியா என்று மாற்றி எழுதுங்கள்.
சுண்ணாம்புக் கட்டியாக இருக்கும்போதே கடைந்து
இரவு முழுக்க உலையில் வைத்தால்
ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிக் கல்லாகும்.
மெல்லியதானாலும் தாங்கும்.
ஆனால் கட்டை குட்டை. மூன்று மில்லிமீட்டர் உயரத்தில்
தொப்பி எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?
இன்னும் குறைத்தால் உயரம் போகும்,
குறைக்காவிட்டால் கண்ணாடி போகும்.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தால்
நாற்பத்தாறே படியிறங்கி வருகிறது.
நிறம் பார்க்க நீங்கள் அனுப்பினீர்களாம்.
கடைவாய்க்குள் எட்டிப் பார்த்து யார் நிறம் சொல்லப்போகிறார்கள்?
நோட்பூர்கா பிரான்ட்ல். ஸெம்மரிங் கணவாயில்
குளிர்கால இரவெல்லாம் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர்.
இருக்கும் ஒரே ஜன்னல் தெருவின் செருப்புகளுக்கு நேர்;
அதன் கீழே நிற்கவைத்து
பல் உலர்வதற்குள் நிறத்தட்டை நீட்டினேன்.

தூக்கத்தில் பல்லைக் கடிப்பீர்களா என்றேன்.
தூக்கத்திலா, என்று சிரித்தார். வண்டியில்.
தகடு தாரைத் தொட்டதும் இருக்கை வழியே ஏறி வருமாம் நறநற.
எது வண்டி, எது தான் என்று தெரியாதாம்.
வெறும் இரும்பு போட்டால் சாலை தேய்கிறது,
ரப்பர் போட்டால் பனி அசைவதில்லை,
இப்போது ரப்பருக்குள் பீங்கான் பதித்து ஒன்று வந்திருக்கிறது,
சாலைக்கும் வலிக்காது என்றார்.
ஒருமுறை பனிக்குள் ஒரு கார் இருந்தது, என்று தொடங்கி
மீதியை மென்று விழுங்கினார்,
இடப்பக்கமாக.

அதனால் டாக்டர், மேலே கை வைக்க வேண்டாம்.
பல்லின் முன்னும் பின்னும் ஒவ்வொரு வாய்க்கால்,
மேலிருந்து கீழாக, அரிசி அகலம்கூட வேண்டாம்.
தொப்பி அதைப் பிடித்துக்கொள்ளும்.
சிர்கோனியாவே செய்கிறேன்.
மேற்பூச்சு இல்லாமல் தேய்த்தே பளபளப்பாக்குகிறேன்,
எதிரே இருக்கும் பல் என்ன பாவம் செய்தது?

வியாழன் இரவு பனி கொட்டுமாம், அவர் வர முடியாது.
வெள்ளி மாலைக்கு எழுதிவைத்திருக்கிறேன்.
கடைசி ஆள்.
அன்று ஒரு காபி குடித்துவிட்டுத் தொடங்குங்கள்.

எமோக்கெ,
நிலவறை.