கைகண்டது

ஒரு பொரிச்சட்டி விற்க
எனக்கு இரண்டு நிமிஷம் போதும்.
நெப்ராஸ்காவில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம்,
இரும்புக்கடையில் பதினோரு வருஷம்.
மூன்றாவது வரிசை, பனி வாரும் மண்வெட்டிகளுக்கு மேல்தட்டு:
அலுமினியம் ஒன்று, எவர்சில்வர் ஒன்று,
சிவப்பு எனாமல் ஒன்று.
சிவப்பை வாங்குகிறவர்கள்
அதில் பொரிக்கப் போவதில்லை, பரிசு கொடுக்கப் போகிறார்கள்.

அலுமினியம் சட்டென்று சூடாகும்,
சட்டென்று கோபமும் வரும்.
எவர்சில்வருக்கு அடி கனம், எண்ணெய் கருகாது.
மூடியில் ஆவிக்கு வழி இருக்கிறதா பாருங்கள்,
இல்லையென்றால் பொரி நமத்துப்போகும்.
உள்ளே சுற்றும் பல்சக்கரம் பிளாஸ்டிக் என்றால்
அடுத்த குளிர்காலம் மறுபடி என் முகத்தில் விழிப்பீர்கள்.
கடைசியில் என் வழக்கமான முத்தாய்ப்பு:
“காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.
ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவில்
இரண்டு விநாடி மௌனம் விழுந்தால்
இறக்கிவிடுங்கள்.”

மார்வெல் ஹ்ருஸ்காவிடமும்
இதை அப்படியே ஒப்பித்தேன்.
என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு கையுறையைக் கழற்றி
கோட்டுக்குள்ளிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதினாள்:
“மீசையைக் கொஞ்சம் வெட்டுங்கள்.
பாதி வார்த்தை அதற்குள் போய்விடுகிறது.”
அதற்குக் கீழே:
“கடைசி வரி எனக்கு ஆகாது.”

நான் அசடு வழிந்து முடிப்பதற்குள்
அவள் அடுத்த வரிசைக்குப் போய்
கால் அங்குல நட்டுகளை ஒரு பிடி அள்ளி வந்துவிட்டாள்.
மூன்று சட்டியிலும் போட்டாள்.
என்னை ஆட்டச் சொன்னாள்.
கைப்பிடிக் குமிழில் உள்ளங்கையை வைத்துக்
கண்ணை மூடிக்கொண்டாள்.

சிவப்பு: உதட்டைப் பிதுக்கினாள்.
எவர்சில்வர்: கனத்த அடி, ரப்பர் உறை போட்ட குமிழ்,
நான் நெஞ்சில் அடித்துச் சொன்ன சரக்கு,
செத்த கையைக் குலுக்கியதுபோல் விலக்கினாள்.
அலுமினியம்: மெல்லிய தகடு, வெறும் மரக்குமிழ்.
புருவம் ஏறியது.
நட்டுகளைத் தகரத்தில் கொட்டினாள்,
பதினெட்டு டாலரை எண்ணி வைத்தாள்.

அன்றிரவு நானும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன்.
காதில் பஞ்சு,
அதன்மேல் வேட்டைக்கு மாட்டும் காதுமூடி.
மூன்று கரண்டி எண்ணெய், அரைக் கோப்பைச் சோளம்,
மிதமான தீ, விடாமல் திருகல்.
ரொம்ப நேரம் ஒன்றுமில்லை.
பிறகு மரத்துக்குள்ளிருந்து எறும்பு கடித்த மாதிரி
ஒன்று.
இன்னொன்று.
அப்புறம் ஆலங்கட்டி மழை, முழங்கை வரைக்கும்.
பொரி நிறைய நிறையத் திருகு கனத்தது,
சேற்றில் சைக்கிள் மிதிப்பதுபோல்.
அடங்கத் தொடங்கியபோதுதான் குழப்பம்:
இது சோளமா, என் நாடியா?
எண்ணிக்கொண்டே நின்றேன்.

பக்கத்து வீட்டு எல்ட்ரிட்ஜ்
தீயணைப்பானோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்து
என் தோளைத் தட்டியபோதுதான்
புகை மணி அலறிக்கொண்டிருந்தது தெரிந்தது.
நான் விற்றதெல்லாம் செவிவழி.
அவளுடையது கைகண்டது.

சனிக்கிழமை வந்தாள்.
மீசையை வெட்டியிருந்தேன்,
அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.
கல்லாவின்மேல் ஒரு காகிதப் பை வைத்தாள்:
வெள்ளை வெளேரென்று பொரி, பொடி உப்பு,
கருகல் ஒன்றுகூட இல்லை.
அதன் பக்கத்தில்
எண்ணெய் ஏறிப் பழுப்பான ஒரு நட்டு,
நோட்டிலிருந்து கிழித்த துண்டு:

“உங்களுடையது. உள்ளேயே தங்கிவிட்டது.
கடைசிவரை காத்திருந்தேன்,
பொரியவில்லை.”