வாசல் இறை

நெல்லிக்குப்பம் ஆலைப்புகை எட்டுகிற தூரத்தில்
கெடிலக்கரையில் ஒரு தெரு.
ஊராட்சிப் பதிவேட்டில் மேலத்தெரு,
ஊர் வாயில் வாசலில்லாத் தெரு.
வீட்டுவரி ரசீதுப் புத்தகத்தோடு
வருஷத்துக்கு இரண்டு தரம் போகிறேன்.

சேந்தன் முதலில்
ஓடத்துறையில் சுங்கம் வாங்கியவன்.
மூட்டைக்கு ஒரு பிடி உப்பு.
ஓர் ஐப்பசி இரவு
அரசனை ஏற்றிப் போன ஓடம்
அவனை மட்டும் திருப்பிக் கொண்டுவந்தது.
விரலில் முத்திரை மோதிரம்;
தொளதொளத்ததால் நூல் சுற்றியிருந்தான்.

விடிந்ததும் பெயர்
எண்டிசை நடுங்க நின்ற பெருமாள்.
கல்லில் வெட்ட மூன்று தச்சர், நாற்பது நாள்.

தறிக்கு இறை, செக்குக்கு இறை.
கல்யாணத்துக்குக் காணம்,
பாடை போகிற வழிக்கும் காணம்.
கட்ட முடியாத கொல்லனை
அவன் உலையிலேயே...
அதை விடுங்கள்.

பிறகு வாசல் இறை:
தெருவைப் பார்த்த கதவுக்கு
ஆண்டுக்கு ஒரு கலம் நெல்.

மேலத்தெரு மண் குழைத்தது.
ஒரே வாரத்தில் கதவெல்லாம் சுவர்.
கொல்லையில் ஏணி சார்த்தி
கூரை பிரித்து இறங்கினார்கள்.
நிறைமாதக்காரி நங்கை ஏறும்போது
கீழே நாலு பேர் சேலை விரித்துப் பிடித்தார்கள்.
தண்டல்காரன் ஓலையில் எழுதினான்:
வீடு முப்பத்தொன்று. வாசல் இல்லை.
'ஏணிக்கும் போடு' என்றானாம் பெருமாள்.

போடுவதற்குள் தெற்கிலிருந்து படை வந்தது.
யாருடையது என்று கதைக்கு ஞாபகமில்லை.
கோட்டையைத் திறந்துவிட்டது
கொல்லனின் மைத்துனன்.

மறுபடி ஐப்பசி. கெடிலம் கரை புரள,
ஓடமெல்லாம் அக்கரையில்.
மழையில் மேலத்தெருவுக்குள் ஓடிவந்து
தட்டினான்.
ஈரமண் கையோடு வந்தது.
அடுத்த வீடு, சுவர்.
அதற்கடுத்ததும்.
உள்ளே புளி கொதிக்கிற வாசம்,
ஒரு குழந்தையின் இருமல்.

'யாரது?' என்றாள் நங்கை.
முழுப்பெயர் சொல்ல நேரமில்லை.
'சேந்தன்' என்றான்,
துறையில் உப்பு வாங்கியபோது இருந்த பெயரை.

கொல்லைப்பக்கம் வா, ஏணி இருக்கு
என்று அவள் சொன்னதாகச் சிலர்.
ஏணியை உள்ளே இழுத்துக்கொண்டாள்
என்கிறார்கள் மற்றவர்கள்.
காலையில் சுவர் நெடுக விரல் தடம் இருந்தது,
அதில் மட்டும் இரண்டு பேச்சில்லை.

நேற்று பதினேழாம் எண் வீட்டில்
அழைப்புமணியை அழுத்தினேன்.
டிவி சத்தம் நின்றது.
ஜன்னல் திரை அசைந்து அடங்கியது.
'யாரு?'

ரசீதுப் புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு
பெயரை மட்டும் சொன்னேன்.