மே மாதம் திறக்கப்படும்

ஒப்பந்தத்தில் இருந்தது பன்னிரண்டு வாரம்.
காகித ஆலையின் மூன்றாம் எந்திரத்துக்குப்
புது மென்பொருள் பொருத்தி,
அது இருமாமல் ஓடும்வரை
பக்கத்திலேயே இருக்க வேண்டும்.
இருட்டில் போய் இருட்டில் திரும்பினேன்.
ஔலு நகருக்கும் ஒரு சூரியன் உண்டென்று
உணவுக்கூடத்து ஜன்னலில்
பதினோரு மணிக்குமேல் கேள்விப்பட்டதோடு சரி.

சனிக்கிழமைகள் எங்களுடையவை.
எங்களுடையவை என்றால்
எனக்கும் டொய்னாவுக்கும்.
ருமேனியாக்காரி; உருளைகளின் அதிர்வை அளப்பவள்.
வெள்ளி மாலை கையுறையைக் கழற்றும்போதே
"நாளைக்கு எங்கே?" என்பாள்.
அவள் ஆங்கிலமும் என் ஆங்கிலமும்
வேறு வேறு நாட்டுச் சில்லறை.
எப்படியோ கணக்குத் தீர்ந்துவிடும்.

முதல் வாரம் அருங்காட்சியகம்.
இரும்புக் கதவில் ஒரு தாள்:
மே மாதம் திறக்கப்படும்.
அடுத்த வாரம் பேருந்தேறி ராஹே,
மரவீட்டுத் தெருக்கள் பார்க்க.
தெருக்கள் திறந்திருந்தன.
மற்றதெல்லாம் மே.
இன்னொரு வாரம் படகுத்துறை;
படகுகள் தார்ப்பாய் போர்த்திக் கவிழ்ந்து கிடந்தன.
தேநீர்க்கடைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தோம்.
மேசைமேல் நாற்காலிகள்
காலைத் தூக்கிக்கொண்டிருந்தன.
டொய்னா அதையும் படம் எடுத்தாள்.
"டிக்கெட் கிடையாது, கூட்டம் கிடையாது,
வேறென்ன வேண்டும் உனக்கு?"

வீட்டுக்கு அனுப்பினேன்.
"இது போன வாரம் அனுப்பியதுதானே?"
என்றான் இளம்பரிதி.
இல்லை, இது வேறு வெள்ளை.
போன வாரத்தது உப்பு,
இது சலித்த அரிசிமாவு.
ஆலைக்குப் போகும் வழியில் கிடப்பது
பல் மருத்துவரின் அறை.

போகுமிடமெல்லாம் அவள் காந்தப் பொம்மை வாங்குவாள்,
பெட்ரோல் பங்கில் கிடைப்பதுகூட.
எங்கள் வாடகை வீட்டுக் குளிர்பெட்டிக்கோ மரக்கதவு.
ஒட்டாது.
எல்லாம் அவள் கோட்டுப் பையில்
ஒன்றையொன்று கவ்வியபடி,
நடக்கும்போது பல் கடிக்கும் சத்தம்.

ஏழாம் வாரம் பேருந்தைத் தவறவிட்டோம்.
அடுத்தது ஒன்றரை மணி நேரம் கழித்து.
குறைபாகை இருபத்தாறு.
நேரம் பார்த்தது யார், தப்பாகப் பார்த்தது யார் என்று
நிழற்குடையில் நின்று சண்டை போட்டோம்.
கோபத்தில் அவள் அவள் மொழிக்குப் போய்விட்டாள்,
நான் என் மொழிக்கு.
இருவர் வாயிலிருந்தும் ஒரே புகை.
அவள் இமையில் பனி கட்டியிருந்ததைப் பார்த்து
முதலில் சிரித்தது நான்தான்.

பிப்ரவரியில் தீவுக்குப் போனோம்,
கலங்கரை விளக்கம் பார்க்க.
என்ன எழுதியிருந்தது என்று சொல்லத் தேவையில்லை.
சரி, கடலையாவது பார்ப்போம் என்று நடந்தோம்,
நடந்தோம், வெள்ளையில்.
துளைப்பானோடு ஒரு பெண், ஹில்க்கா,
மடக்கு நாற்காலியில்,
தட்டளவு துளையில் தூண்டில் விட்டிருந்தாள்.
"கடல் எந்தப் பக்கம்?" என்றேன்.
துளைப்பானால் என் பூட்ஸுக்கு முன்னால் தட்டினாள்.
அந்த நேரம் பார்த்துக்
கீழே எங்கோ நீளமாக ஒரு முனகல்.
நானும் டொய்னாவும் ஒரே சமயத்தில்
ஆளுக்கொரு காலைத் தூக்கினோம்.
தூக்கி என்ன செய்வது?
ஹில்க்கா சிரிக்கவில்லை.
ஃபிளாஸ்க் மூடியில் காப்பி ஊற்றி நீட்டினாள்.
ஒற்றைக் காலில் நின்றபடியே வாங்கினேன்.

எந்திரம் பதினோராம் வாரம் இருமலை நிறுத்தியது.
அவள் ஒப்பந்தம் எனக்கு முன்னால் முடிந்தது.
விமான நிலையப் பேருந்து வந்து நிற்க,
பையைத் துழாவி, மற்றவற்றிலிருந்து பிய்த்து,
கொம்பு உடைந்த கலைமான் ஒன்றை
என் உள்ளங்கையில் அழுத்தினாள்.
"உடைந்தது உனக்கு," என்றாள்.

கடைசிச் சனி தனியாக.
எங்கே போவதென்று கேட்க ஆளில்லாமல்
முதல் வாரத்துக் கதவுக்கே போனேன்.
தாள் அப்படியே இருந்தது,
ஒட்டுநாடா விட்டு
ஒரு மூலை மட்டும் காற்றில் அடித்துக்கொண்டு.
எங்கள் ஆலைக் காகிதமா என்று
கையுறை கழற்றித் தடவிப் பார்த்தேன்.
தெரியவில்லை.
கலைமானை எடுத்து அந்த மூலையில் வைத்தேன்.
பிடித்துக்கொண்டது.

இரண்டு பத்துக்குப் பேருந்து.
இந்த முறை நேரத்தை
இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.