இருபது தெத்ரி

வர்கெதிலியில் எங்கள் கட்டடத்து லிஃப்ட்
காசு கேட்கும்.
இருபது தெத்ரி வாயில் விழுந்தால்தான்
முனகிக்கொண்டு கிளம்பும்.
ஒன்பதாம் மாடி. அம்மாவும் நானும்.

மார்ச்சில் கல்லூரிக்கு ஒரு வண்டி வந்தது.
குதிகாலைப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னார்கள்,
செருப்புக் கடையில் அளவு பார்ப்பதுபோல.
அதற்கு முன் ஒரு தாள், பன்னிரண்டு கேள்வி.
எலும்புக்கு எது நல்லது? பால், தயிர், வெயில், நடை.
எந்த வயதுவரை சேரும்? முப்பதை ஒட்டி.
மளமளவென்று டிக் அடித்தேன்.
பன்னிரண்டாவது:
கடைசியாக எப்போது குதித்தீர்கள்?

பேனா நின்றுவிட்டது.
"பஸ்ஸிலிருந்து இறங்குவது கணக்கா?" என்றாள் எலிசோ.
யோசித்தேன்.
பதினோரு வயதில், துணிக்கொடியை அவிழ்த்து,
வாங்கிய அடியும் நினைவிருக்கிறது.
அதன்பின் இந்த உடம்பை
ஒரு நாற்காலியிலிருந்து இன்னொரு நாற்காலிக்கு
எடுத்துப்போய் வைத்திருக்கிறேன்,
அவ்வளவுதான்.

"வயதுக்குக் கொஞ்சம் கம்மி" என்றாள் நர்ஸ்,
மீதிச் சில்லறை தரும் குரலில்.
எனக்கு இருபத்திரண்டு.
ஏட்டுக் கால்சியம் எலும்பில் ஒட்டாது.

சாயங்காலம் லிஃப்ட் முன்னால் நின்றேன்.
காசைப் பொத்திக்கொண்டு படியேறினேன்.
நாலில் யாரோ வால்நட் வறுக்கிற வாசம்.
ஆறில் நெஞ்சுக்குள் கடன்காரன் கதவைத் தட்டினான்.
ஒன்பதில் உள்ளங்கைக் காசு
சுட்டது.

கம்பளத்தைச் சுருட்டிவிட்டுக் குதித்தேன்.
பதினேழில் கீழ்வீட்டுத் துடைப்பக்கட்டை
பதில் சொன்னது.
பிறகு ஆளே வந்தான். ஸ்வியாத்.
ரொட்டிக்கடையில் இரவு வேலை, கண்ணில் பாதித் தூக்கம்.
"என்ன செய்கிறாய்?"
"எலும்பு சேர்க்கிறேன்."
கோபப்படுவதா என்று அவனுக்கே தெரியவில்லை.
மொட்டைமாடிச் சாவி அவனிடம் இருந்தது.

ஆன்டெனாக்களுக்கு நடுவே குதித்தேன்.
அவன் தண்ணீர்த்தொட்டியில் சாய்ந்து எண்ணினான்.
ஐம்பதுக்கு மேல் தப்பாக எண்ணினான்.
"தினமும் ஐம்பது கிலோ மாவுமூட்டை
நாற்பது தூக்குகிறேன்.
என் எலும்பைப் பற்றி
யாரும் தாள் கொடுத்துக் கேட்டதில்லை."
என்ன சொல்வது?
அறுபத்தொன்று, என்றேன்.
அறுபத்தொன்று, என்றான்.

பொய் சொல்லமாட்டேன்.
வியாழக்கிழமை மழை, கையில் உருளைக்கிழங்குப் பை,
காசு போட்டு லிஃப்டில்தான் போனேன்.
கதவு திறந்ததும்
இரண்டு காலையும் சேர்த்து
வெளியே ஒரு குதி.

கணக்கா என்று
எலிசோவைக் கேட்கவேண்டும்.