ஒரு சொட்டும் கீழே இல்லை

டொலீடோவில் பிப்ரவரி. ஷெட்டுக்குள்
அறுபத்தொன்பதாம் வருஷத்து பாண்டியாக்.
இரண்டாம் கியருக்கு மாற மனசில்லை அதற்கு.
இழுத்து, அலறி,
பிறகு முதுகில் ஓர் உதை.

ஊற்ற ஊற்ற கியர் ஆயில் இறங்குகிறது.
கீழே விரித்த அட்டையில்
ஒரு கறை இல்லை.
ஊற்றாமலே காசு வாங்கியவன் என்று
டெல்பர்ட்டைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிவிட்டேன்.

லோர்னா பிரூசாக் எதையும் கழற்றவில்லை.
டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்தாள்.
"கருகல் வாடை இல்ல. பெட்டி நல்லாத்தான் இருக்கு."
சைலன்சர் பக்கம் போய்
வெள்ளைப் புகையில் கொஞ்ச நேரம் நின்றாள்.

அப்புறம் அடியில் படுத்து
சுண்டுவிரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாயைப் பிடுங்கினாள்.
சிவப்பாக வழிந்தது மணிக்கட்டில்.

காற்று மட்டும் போகவேண்டிய வழி.
உள்ளே ஒரு சவ்வு கிழிந்து,
எஞ்சின் அந்த ஆயிலை உறிஞ்சி
எரித்துக்கொண்டிருந்திருக்கிறது இத்தனை நாளும்
என் கண்ணெதிரே.

"சின்ன சாமான். ஒரே ஒரு போல்ட்."
கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:
"டெல்பர்ட் நம்பர் இன்னும் வெச்சிருக்கியா?"

இருந்தது.
பனி தள்ளும் வண்டி
தெருமுனை போய்த் திரும்பும்வரை
அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
மூன்று வாரமாய்ச் சுத்தமாக இருந்த அட்டை.